பெயரில்லாத பேனல்கள்

தணிகைவேலுக்கு நாற்பத்தாறு வயது. இருபது வருடம் மென்பொருள் எழுதியவர். போன வருடம் கண் நரம்பு கெட்டு, இரண்டு கண்ணிலும் பார்வை போய்விட்டது. மருத்துவமனை ஒன்றின் நோயாளிப் படிவத்துக்காக எப்போதோ எழுதி, பலர் கை மாறிய ஒரு நிரல் கோப்பை அலுவலகத்தில் கொடுத்திருந்தார்கள். அதிலுள்ள ‘சேமி’ பொத்தான் வேலை செய்யவில்லை. வியாழக்கிழமைக்குள் சரிசெய்தால் மறுபடி வேலை.

அவருக்குப் பயிற்சி கொடுத்தவர் ஜெசிந்தா. வயது இருபத்தொன்பது. பிறவியிலேயே பார்வை இல்லாதவர்.

செவ்வாய்க்கிழமை காலை இருவரும் ஒரே மேசையில் உட்கார்ந்திருந்தார்கள். திரையில் இருப்பதைக் கணினி வாய்விட்டுப் படித்தது. படிவத்துக்குள் பேனல்கள் எனப்படும் கட்டங்கள், பேனல்களுக்குள் வேறு பேனல்கள், பெட்டிகள், பொத்தான்கள் என்று எல்லாம் கிளைகிளையாக ஒரு பட்டியலில் இருந்தன. வலது அம்பை அழுத்தினால் உள்ளே போகலாம். இடது அம்பை அழுத்தினால் மேலே வரலாம்.

தணிகைவேலின் விரல்கள் நிற்கவே இல்லை. குரல் ஒரு சொல்லை முடிப்பதற்குள் அடுத்ததை அழுத்தினார்.

“பேனல் பதினாறு. பேனல் பதி... பேன...”

“சார், இப்ப எங்க இருக்கீங்க?”

“தெரியல மேடம்.”

“மேல வாங்க.”

“பேனல் ஒன்பது,” என்றது குரல்.

“இன்னும் மேல.”

“பேனல் நாலு.”

அவர் விசைப்பலகையைத் தள்ளிவிட்டார். “முப்பத்தோரு பேனல் மேடம். ஒண்ணுக்காவது பேர் இருக்கா? வெறும் நம்பர். உள்ள போறதும் வெளிய வர்றதுமா மூணு நாள் போயிடுச்சு, ‘சேமி’ பொத்தான் எதுக்குள்ள இருக்குன்னே தெரியல. உங்களால மட்டும் எப்படிப் பொறுமையா இருக்க முடியுது?”

“கோப்போட முதல் வரிக்குப் போங்க. எழுதினவர் பேர் இருக்கும்.”

“எதுக்கு?”

“சும்மா கேளுங்க சார்.”

“அந்த ஆள் மட்டும் கையில கிடைச்சா...” என்று முனகிக்கொண்டே போனார்.

குரல் ஆங்கில உச்சரிப்பில் படித்தது. “தானிகை வெல்.”

அவர் மறுபடி அழுத்தினார். மறுபடியும் அவருடைய பெயர்தான்.

விசைப்பலகையிலிருந்து கையை எடுத்தார். “ஒன்பது வருஷம் இருக்கும். ரெண்டு வாரத்துல முடிக்கச் சொன்னாங்க. பார்த்தாலே எது எதுன்னு தெரிஞ்சுது. பேர் எதுக்குன்னு விட்டிருப்பேன்.”

அவர் ஜெசிந்தா பக்கம் திரும்பினார்.

“உங்களுக்கு முன்னாடியே தெரியுமா மேடம்?”

“சனிக்கிழமையே அந்த முதல் வரியைக் கேட்டுட்டேன்.”

“சொல்லியிருக்கலாமே.”

“நீங்க திட்டிக்கிட்டு இருந்தீங்க.”

அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். “வியாழக்கிழமைக்குள்ள எப்படி முடிப்பேன்?”

“பட்டியலுக்கு வாங்க. எங்க இருக்கீங்க?”

“பேனல் ஒண்ணு.”

“உள்ள என்ன இருக்கு?”

இந்த முறை குரல் முடிக்கும்வரை அவர் விரல் காத்திருந்தது.

“நோயாளியோட பேர். வயசு. ரத்த வகை.”

“அதையே பேரா வெச்சுட்டு, அடுத்ததுக்குப் போங்க சார்.”