அரசர் தலையை இடித்த வாசல்

முன்பு ஒரு நாட்டை ஓர் அரசர் ஆண்டு வந்தார். எல்லையில் பகைவர் இல்லை. களஞ்சியத்தில் நெல்லுக்குக் குறைவில்லை. அவருக்கு இருந்த ஒரே தொல்லை கழுத்து வலி. கழுத்தில் பிடிக்கும், தோளுக்கு இறங்கும், முதுகு வழியாக இடுப்புக்கு வந்து அங்கேயே குடியிருக்கும். அரண்மனை வைத்தியர் எண்ணெய் காய்ச்சித் தேய்த்தார். நொச்சி இலையை வதக்கி ஒத்தடம் கொடுத்தார். தேய்க்கும்போது சுகமாக இருக்கும். சபைக்கு வந்து உட்கார்ந்தால் மறுபடியும் அதே வலி.

வலி வந்தவர் குனிந்தார். சங்கடம் அங்கேதான் தொடங்கியது.

அந்தச் சபையில் ஒரு வழக்கம் உண்டு. அரசர் தலைக்கு மேலே எவர் தலையும் இருக்கக் கூடாது. அரசர் விரற்கடை குனிந்தால் மந்திரிகள் ஒரு சாண் குனிந்தார்கள். அவர்கள் குனிந்ததும் முகம் மறைந்தது. சொல்வதெல்லாம் தரையோடு போயிற்று. முகத்தைப் பார்க்கவும் பேச்சைக் கேட்கவும் அரசர் இன்னும் குனிய வேண்டியதாயிற்று. உடனே அவர்களும் இன்னும் குனிந்தார்கள். இப்படியே போய், சபை கூடினால் முற்றிய நெல்வயல் போல எல்லாத் தலைகளும் கவிழ்ந்திருந்தன. மாலையில் மந்திரிமார் தெருவில் நடந்தால் வீட்டுக்கு வீடு தைல வாசனை அடிக்கும்.

அந்தச் சபையில் நிமிர்ந்து நின்றவன் ஒருவன்தான். அவன் அரண்மனை விகடகவி அம்பலக்கூத்தன். அதைத் திமிர் என்று சொன்னவர்கள் உண்டு. உண்மையில் அது அவன் குடும்பத்தின் உரிமை. அவனுடைய பாட்டனார் பகை நாட்டுக்குத் தூது போனபோது அந்த நாட்டரசனை ஒருமுறை வணங்கினார். அதன் பிறகு வளைந்து நிற்க மறுத்துவிட்டார். கழுத்தில் கத்தியை வைத்தும் நிமிர்ந்தே பேசி, போன காரியத்தை முடித்துக்கொண்டு திரும்பினார். "அங்கே வளையாத முதுகு இங்கேயும் வளைய வேண்டாம். இவர் வம்சத்தார் என் சபையில் நிமிர்ந்தே நிற்கட்டும்" என்று அன்றைய அரசர் சபையறியச் சொன்னார். வணங்குவது மரியாதை. வணங்கி முடித்த பிறகும் வளைந்தே நிற்பது மரியாதையில் சேராது என்பது அந்தக் குடும்பத்தின் எண்ணம்.

தலைமை மந்திரியான பிரதானி கேசவராயருக்கு இது பொறுக்கவில்லை. எல்லாரிலும் அதிகமாகக் குனிபவர் அவர். குனிந்தபடியே சிம்மாசனத்தின் பக்கத்தில் வந்து அரசர் காதில் கிசுகிசுப்பார். அவர் கிசுகிசுத்தது மறுநாள் ஆணையாக வெளிவரும். ஒரு நாள் அரசர் வலி தாங்காமல் முகம் சுளித்தபோது அவர் காதருகே போனார்.

"மகாராஜா, தைலத்தில் குறையில்லை. வைத்தியரிடமும் குறையில்லை. குறை அதோ நிற்கிறது, பனைமரம் மாதிரி."

"யார், கூத்தனா?"

"தங்கள் தலைக்கு மேலே ஒரு தலை தினமும் நின்றால் கண்ணேறு படாதா? அந்தப் பாரமெல்லாம் தங்கள் கழுத்தில்தானே இறங்கும்?"

வலியில் இருப்பவருக்கு யார் எதைச் சொன்னாலும் நியாயமாகத்தான் படும். அரசர் கூத்தனை முன்னால் அழைத்தார்.

"கூத்தா, வரும் பௌர்ணமிச் சபையில் உன் தலை என் தலைக்குக் கீழே இருக்க வேண்டும். இல்லாவிட்டால் உன் பாட்டனார் பெற்ற உரிமை அன்றோடு போயிற்று. உனக்கும் இல்லை, உன் சந்ததிக்கும் இல்லை."

யாரோ தரையைப் பார்த்துச் சிரித்தார்கள். கூத்தன் ஒருமுறை வணங்கி நிமிர்ந்தான்.

"ஆணை, மகாராஜா. ஒரு சந்தேகம். என்னைக் குனியச் சொல்கிறீர்களா, என் தலை தங்கள் தலைக்குக் கீழே இருக்கச் சொல்கிறீர்களா?"

"இரண்டும் ஒன்றுதானே?"

"எனக்கு அப்படித் தோன்றவில்லை, மகாராஜா."

"சரி, தலை கீழே இருந்தால் போதும். எப்படி என்பது உன் பாடு."

"அப்படியானால் பௌர்ணமி வரைக்கும் இந்த மண்டபத்தை ஒழுங்கு செய்யும் வேலையை எனக்குத் தர வேண்டும். ஆசனம், பாய், வெற்றிலைத் தட்டு எது எங்கே இருப்பது என்பதெல்லாம் என் பொறுப்பு."

கேசவராயர் முந்திக்கொண்டார். "கொடுங்கள் மகாராஜா! பாய் விரிக்க இடுப்பு வளைய வேண்டும். இப்போதிருந்தே பழகிக்கொள்ளட்டும்."

கூத்தன் வீடு திரும்புவதற்குள் செய்தி வீட்டுக்கு வந்துவிட்டது. அவன் மனைவி வடிவாம்பாள் முறமும் கையுமாக நின்றாள்.

"ஏங்க, ஒரு நாளைக்குக் கொஞ்சம் குனிஞ்சிட்டு வந்தாத்தான் என்ன? நான் அரிசி களையக் குனியறதில்லையா?"

"நீ சோத்துக்காகக் குனியற. அரிசி உன்கிட்ட வந்து 'எனக்குக் கீழ நில்லு'ன்னு சொல்லல."

"பேச்சுக்குக் குறைச்சல் இல்ல. ராஜா வேலையை விட்டே நிறுத்திட்டா?"

"வேலை போனா வேற வேலை தேடிக்கலாம், வடிவு. நான் அங்க ஒரு நாள் வளைஞ்சா, நாளைக்கு நம்ம பிள்ளை வாசல்லயே வளைஞ்சுகிட்டுத்தான் நுழைவான். அவன் பிள்ளை தவழ்ந்துகிட்டுப் போவான்."

வடிவாம்பாள் முறத்தைக் கீழே வைத்தாள்.

"அப்ப என்ன செய்யப் போறீங்க? உங்க தலையைச் செதுக்கியா குறைக்க முடியும்?"

"என் தலையைக் குறைக்கணும்னு ஆணையில இல்ல. அவர் தலை மேல போனாலும் என் தலை கீழதான? நீ ராஜாவோட கட்டிலைப் பாத்ததில்ல. அரண்மனையிலயே அதுதான் நீளம். படுத்தா தலைமாட்டுக்கும் கால்மாட்டுக்கும் சரியா இருக்கும்னு பள்ளியறைக் காவலன் சொல்றான். படுக்கறப்ப இருக்கற நீளம் நிக்கறப்ப எங்க போகுது?"

"அதானே!"

"அதைத்தான் தேடப் போறேன்."

"அதுக்காக அவர்கிட்டப் போயி 'நிமிர்ந்து உக்காருங்க'ன்னு சொல்லிடாதீங்க. அப்புறம் உங்களுக்குத் தலையே இருக்காது."

"அந்த வார்த்தையே என் வாயில வராது, பாரு."

மறுநாள் அரசர் சபைக்கு வந்தபோது சிம்மாசனத்தில் மெத்தைகளைக் காணோம். முன்பெல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக இலவம்பஞ்சு மெத்தைகளைப் போட்டிருப்பார்கள். உட்கார்ந்தால் அரசர் பாதி உள்ளே புதைந்துபோவார். இப்போது நல்ல தேக்குப் பலகை, அதன் மேல் ஒரு மெல்லிய விரிப்பு, இடுப்புக்குப் பின்னால் சிறிய திண்டு. அந்தரத்தில் தொங்கிக்கொண்டிருந்த கால்களுக்கு அடியில் ஒரு பாதபீடம்.

"மெத்தை எங்கே, கூத்தா?"

"பஞ்சு கொட்டப் போயிருக்கிறது, மகாராஜா. பௌர்ணமிக்குள் வந்துவிடும்."

அரசர் மடியில் வைத்துக் குனிந்து படிக்கும் ஓலைகள் இப்போது விதானத்திலிருந்து பட்டு நூலில் இறங்கி அவர் கண்ணுக்கு நேரே நின்றன. வெற்றிலைத் தட்டை மண்டபத்தின் கடைசித் தூணருகே வைத்தான் கூத்தன். அரசருக்கு நாழிகைக்கு ஒருமுறை வெற்றிலை வேண்டும். தம் வெற்றிலையைத் தாமே எடுத்து மடிப்பது அவர் வழக்கம். ஆகவே ஒவ்வொரு முறையும் எழுந்து மண்டபம் முழுவதும் நடந்து போய்வர வேண்டியதாயிற்று.

எல்லாவற்றையும்விடப் பெரிய மாற்றம் மந்திரிகளுக்குத்தான். அவர்களை மண்டபத்தின் மறுகோடியில் பாய் விரித்து உட்காரவைத்தான். தரையில் உட்கார்ந்தவர் தலை எப்படியும் அரசர் தலைக்குக் கீழேதான், வழக்கம் கெடவில்லை. தூரத்தில் இருப்பவர்களைப் பார்க்க அரசர் குனிய வேண்டாம். நேரே பார்த்தால் போதும். ஆனால் அவ்வளவு தூரத்திலிருந்து கிசுகிசுக்க முடியாது. எதைச் சொன்னாலும் உரக்கத்தான் சொல்ல வேண்டும்.

"மகாராஜா, ஒரு ரகசியம்!" என்று கேசவராயர் கோடியிலிருந்து கத்தினார்.

"சொல்லும், எல்லாரும் கேட்கிறோம்" என்றார் அரசர். சபை சிரித்தது. ரகசியம் பிரதானியின் தொண்டையிலேயே நின்றுவிட்டது.

முதல் வாரம் கூத்தனுக்கு நல்லபடியாகப் போகவில்லை. அரசர் அவனைக் கூப்பிட்டுச் சீறினார். "என்ன பலகை இது! நேற்று வரை வலிக்காத இடமெல்லாம் இப்போது வலிக்கிறது!"

"வலித்துக்கொண்டிருந்த இடம், மகாராஜா?"

அரசர் கழுத்தைத் தொட்டுப் பார்த்தார். இடமும் வலமும் திருப்பினார். "அது... கொஞ்சம் தேவலை" என்றார், மனமில்லாமல்.

"சோம்பிக் கிடந்த இடத்தை வேலைக்குக் கூப்பிட்டால் நான்கு நாள் முனகத்தான் செய்யும். நானும் சபைக்கு வந்த புதிதில் அப்படித்தான் முனகினேன்."

அரசர் சிரித்துவிட்டார். பலகை தப்பியது. நாள் போகப் போக முனகலும் அடங்கியது. புதிய தைலம் வேலை செய்கிறது என்று வைத்தியர் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டார். கூத்தன் அதை மறுக்கவில்லை. அரசர் உட்காரும் விதம் மாறியதையும், வெற்றிலைக்கு நடக்கும்போது தோள்கள் பின்னால் போய் மார்பு விரிந்ததையும் எவரும் கவனிக்கவில்லை. அந்தச் சபையில் அரசரை ஏறிட்டுப் பார்க்கும் பழக்கமே இல்லை. பாயில் உட்கார்ந்தும் பாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பௌர்ணமி வந்தது. கூத்தன் எப்படியும் ஏதாவது சாக்குச் சொல்லித் தப்பிப்பான் என்று நினைத்த கேசவராயர் தச்சரைக் கூப்பிட்டுச் சபை வாசலில் குறுக்காக ஒரு சட்டத்தை அடிக்கச் செய்தார். தசராவில் அரசர் உயரத்தைக் கிரீடத்தோடு அளந்து வைப்பது அரண்மனை வழக்கம். அந்த அளவிலேயே சட்டத்தைப் பொருத்தி, மாவிலையும் சாமந்தியும் கட்டித் தோரணமாக மறைத்துவிட்டார். கூத்தன் குனிந்து நுழைந்தால் உரிமை போயிற்று. நிமிர்ந்து வந்தால் மண்டை இடிக்கும். அரசரைவிட உயர்ந்து நின்றான் என்பதற்கு அதுவே சாட்சி. இதை நேரில் காட்டவேண்டும் என்பதற்காகவே, கோயிலிலிருந்து திரும்பும் அரசரைத் தம் வழக்கமான பக்கவாசலை விட்டு இந்தப் பெரிய வாசல் வழியாக வரும்படி கேட்டுக்கொண்டார்.

மேளம் முழங்கியது. அரசர் முன்னால் வந்தார். அவருக்குப் பின்னால் கூத்தன். மந்திரிகள் இருபுறமும் குனிந்து நின்றார்கள்.

"வாரும் கூத்தரே, வாரும்!" என்றார் கேசவராயர், தரையைப் பார்த்தபடி. "வாசல் உமக்காகவே காத்திருக்கிறது."

டங்கென்று ஒரு சத்தம் கேட்டது. பூக்கள் கொட்டின. கேசவராயர் முகம் மலர்ந்தது. அப்போது அவர் காலடியில் ஏதோ உருண்டு வந்து நின்றது. அது அரசருடைய கிரீடம்.

மேளம் நின்றுபோயிற்று.

"யார் இங்கே கட்டை அடித்தது?" அரசர் நெற்றியைப் பிடித்துக்கொண்டு கர்ஜித்தார்.

"மகாராஜா... அது தங்கள் உயரம்..." கேசவராயருக்கு நாக்குக் குழறியது. "தசராவில் அளந்தது. தங்கள் உயரத்துக்குச் சரியாகத்தான்..."

"என் உயரமா இது? என் கண்ணுக்கு நேரே நிற்கிறதே! நிமிர்ந்து பாரும் ஐயா!"

அன்றைக்குத்தான் அந்தச் சபை முதன்முறையாக அரசரை ஏறிட்டுப் பார்த்தது. அவர்கள் அதுவரை பார்த்திராத ஒரு நெடிய மனிதர் வாசலில் நின்றார். அரசரும் சட்டத்தைப் பார்த்தார், தம் தோளைப் பார்த்தார். கழுத்தைத் திருப்பினார். எங்கேயும் வலிக்கவில்லை.

காவலர்கள் சட்டத்தைப் பெயர்த்து எடுத்தார்கள். அதன் பிறகே கூத்தன் உள்ளே வந்தான். கூத்தன் அந்த வாசலில் கொஞ்சம் தலையைச் சாய்த்துத்தான் நுழைந்தான் என்று சிலர் கதை கட்டுவதுண்டு. அது தவறு. நேராகத்தான் நுழைந்தான். வந்து அரசர் பக்கத்தில் நின்று ஒருமுறை வணங்கி நிமிர்ந்தான். அவன் உச்சந்தலை அரசர் நெற்றிக்குத்தான் எட்டியது.

"ஆணைப்படி என் தலை தங்கள் தலைக்குக் கீழே இருக்கிறது, மகாராஜா. என் தலையை நான் தொடவில்லை. தங்கள் தலை எங்கே இருக்கவேண்டுமோ அங்கே போய்விட்டது, அவ்வளவுதான்."

அரசருக்கு மெத்தையும் பலகையும் வெற்றிலைத் தட்டும் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. முதலில் உதடு துடித்தது. பிறகு தூண்கள் அதிரச் சிரித்தார்.

"பாய் விரிக்கிறாய் என்றல்லவா நினைத்தேன், கள்ளா! பஞ்சு இன்னுமா கொட்டுகிறார்கள்?" என்றவர் சபையைப் பார்த்துக் கையை உயர்த்தினார். "இன்று முதல் என் சபையில் எல்லாரும் வணங்கியபின் நிமிர்ந்தே நிற்கட்டும். கேசவராயரே, முதலில் நீர்."

கேசவராயர் நிமிர முயன்றார். எலும்புகள் சடசடவென்று சொடுக்கின. பாதியில் நின்றுபோய், "முடியவில்லை மகாராஜா!" என்று அலறினார்.

"அவசரம் வேண்டாம்" என்றான் கூத்தன். "அவர் தங்கள் பழைய மெத்தையைக் கேட்டாலும் கொடுக்காமல், ஒரு மாதம் பலகையில் உட்காரவைத்தால் போதும்."

அரசர் மறுபடியும் சிரித்தார். பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "எல்லாரும் நிமிர்ந்துவிட்டால் உன் குடும்பத்தின் தனிச் சிறப்பு போய்விடுகிறதே, கூத்தா. அதற்கு ஈடாக என்ன வேண்டும், கேள்."

கூத்தன் யோசிக்கவே இல்லை. "எல்லாரும் நிமிர்ந்து நிற்கும் சபையில் நானும் என் வம்சத்தாரும் உட்கார ஓர் ஆசனம் வேண்டும், மகாராஜா. பாட்டனார் காலத்திலிருந்து நின்றுகொண்டே இருக்கிறோம். கால் வலிக்கிறது."

அரசர் கண்ணில் நீர் வரச் சிரித்தார். தமக்கு வலப்புறத்தில் தந்தம் இழைத்த ஆசனம் ஒன்றைப் போடச்சொல்லி, தம் தோளிலிருந்த பட்டுச் சால்வையையே எடுத்துக் கூத்தனுக்குப் போர்த்தினார். கூத்தன் ஆசனத்தில் அமர்ந்து, அப்பாடா என்று சற்றே பின்னால் சாய்ந்தான்.

"கூத்தா!" என்றார் அரசர். "நிமிர்ந்து உட்கார்!"