பாதிச் சோற்றுப் பானை

கருங்காட்டு மலைக்குடிகள் எரிவாயு எடுப்பதற்காகத் தங்கள் நிலத்தை ஒரு கம்பெனிக்குக் குத்தகைக்கு விட்டிருந்தார்கள். எடுக்கும் வாயுவில் எட்டில் ஒரு பங்கின் விலை அவர்களுக்குச் சேர வேண்டும் என்பது ஒப்பந்தம். அது குறைகிறதே என்று விசாரிக்க வந்த சப்-கலெக்டரிடம் கம்பெனி மேலாளர் அரங்கநாயகம் நெஞ்சை நிமிர்த்திச் சொன்னார்:

"பாதி வாயு எங்க மெஷினுக்கே எரிஞ்சுபோகுதுங்க. வேலைக்குச் செலவானதுக்கு எப்படிப் பங்கு குடுக்கறது?"

மேலாளருக்குச் சமைத்துப் போடும் மலைக்குடிப் பெண் நஞ்சி இதைக் கேட்டுக்கொண்டே போனாள். சற்று நேரத்தில் இருவருக்கும் இலை போட்டாள். பானையில் பாதிச் சோறுதான் இருந்தது.

"மீதி எங்கடி?"

"சமைக்கிற வேலைக்குச் செலவாயிடுச்சுங்க சாமி. வெந்துச்சான்னு எங்க சனமெல்லாம் தின்னு பாத்தோம்."

"யார் வீட்டு அரிசின்னு நெனச்சே?" என்று மேலாளர் சீறினார்.

"அதைத்தான் நாங்களும் கேக்குறோம் சாமி. அந்த வாயு யார் வீட்டு மண்ணுல இருந்து வருதுங்க?"

சப்-கலெக்டர் சிரித்துவிட்டார். இனி மெஷினுக்கு எரிவதற்கும் பங்கு உண்டென்று உத்தரவிட்டார். ஏற்கெனவே எரிந்து முடிந்ததற்கு மட்டும் அவராலும் வழி சொல்ல முடியவில்லை.

நஞ்சி மறுபடி உலை வைத்தாள். குறைந்த சோற்றை ஆக்கிவிடலாம். ஒன்பது ஆண்டுகளாக எரிந்துபோனதை மலையின் வயிற்றில் யார் திரும்ப வைப்பது? அவள் பற்றவைத்த அடுப்பிலும் அந்த வாயுவே எரிந்துகொண்டிருந்தது.