தெரிந்தே கேட்ட கேள்வி

கொள்ளிடத்தில் ஓடம் விடும் கலியன், ஐம்பத்தெட்டு வயதில் எழுதப் படிக்கக் கற்றுக்கொள்ள, ஊர்ப் பள்ளிக்கூட டீச்சர் தவமணி அம்மையிடம் போனார். அம்மைக்கு வயது முப்பத்தைந்துதான். ஊர் சிரித்தது. கலியன் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. துடுப்புப் பிடித்த கைக்குப் பேனா வசப்பட முழுசாக ஒரு வருஷம் ஆனது.

அவர் அவசரம் அவருக்கு. கண் மங்கிக்கொண்டே வந்தது. வரும் ஆடி வெள்ளத்தில் மகள் காத்தாயிதான் தனியாக ஓடம் விட வேண்டும். மூத்த மகனை இதே ஆறுதான் கொண்டுபோயிருந்தது. சுழல் எங்கே, தண்ணீர் வெளுத்திருந்தால் அடியில் மணல் திட்டு என்று தனக்குத் தெரிந்ததையெல்லாம் மகளுக்காக ஒரு நோட்டில் எழுதிவைத்தார்.

காத்தாயி அதை வரி விடாமல் ஒப்பித்தாள். ஆற்றில் இறங்கினால் மட்டும் ஓடத்தைத் திட்டில் கொண்டுபோய் முட்டினாள்.

கலியன் பதறிப்போய் நோட்டோடு அம்மையிடம் ஓடினார்.

"எல்லாத்தையும் சொல்லிட்டேன் தாயி. இன்னும் என்ன வேணும் அவளுக்கு?"

அம்மை நிதானமாகப் படித்துப் பார்த்தார்.

"அங்கங்கே கேள்வி போடுங்க ஐயா."

கலியனுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "பதில் தெரிஞ்சவன் கேள்வி கேக்கறது நாடகம் இல்லையா? பெத்த பொண்ணுகிட்டயே நடிக்கச் சொல்றீங்களா?"

அம்மை சிரித்தார். "அக்கரையில ஒரு வேலை இருக்கு. கூட்டிட்டுப் போறீங்களா?"

காத்தாயி துடுப்புப் போட்டாள். கலியன் மகளுக்கு எதிரே உட்கார்ந்தார், பக்கத்தில் அம்மை. நடு ஆறு நெருங்க நெருங்க, காத்தாயி அப்பாவின் முகத்தையே பார்த்தாள்.

"எம் மொகத்துல என்னடி இருக்கு? தண்ணி எந்தப் பக்கம் வெளுத்திருக்கு, சொல்லு!"

அவள் ஆற்றைப் பார்த்தாள். நன்றாகப் பார்த்தாள். பிறகு ஓடத்தை இடப்பக்கம் வளைத்தாள். ஓடம் திட்டைத் தொடாமல் தாண்டியது. கலியனுக்கு மகளை அப்படியே கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது.

"எந்தப் பக்கம்னு உங்களுக்குத் தெரியாதா ஐயா?" என்றார் அம்மை.

"ஏன் தெரியாது? நல்லாத் தெரியும்."

"அப்புறம் ஏன் அவளைக் கேட்டீங்க?"

"நான் சொல்லிட்டா எம் மொகத்தையேல்ல பார்த்துக்கிட்டிருப்பா? தண்ணியப் பாக்க வேணாமா தாயி?"

அம்மை கையோடு கொண்டுவந்திருந்த நோட்டை அவர் மடியில் வைத்தார்.

"அப்ப இதுல மட்டும் ஏன் ஐயா, பக்கத்துக்குப் பக்கம் உங்க மொகமே இருக்கு?"