சத்தம் நின்ற கம்ப்யூட்டர்

மெஹராஜ் பானுவிடம் கம்ப்யூட்டர் பழுது பார்க்கக் கற்றவர்களில் அற்புதக்கனிதான் மூத்தவர். ஆசிரியையைவிடப் பத்து வயதாவது கூட இருக்கும். அவர் வகுப்பில் சேர்ந்த காரணம் ஒன்றுதான். வீட்டில் இருக்கும் பழைய கம்ப்யூட்டர் நின்றுவிடக் கூடாது.

அவருடைய கணவர் ஜெபநேசன் பஸ் கண்டக்டராக இருந்தவர். பக்கவாதத்தில் பேச்சும் வலது கையும் போயின. இடது கை விரல் ஒன்றால் கீபோர்டில் தட்டுவார். கம்ப்யூட்டர் அதை வாய்விட்டு வாசிக்கும். வாசிக்கிற மென்பொருள் அந்தப் பழைய கம்ப்யூட்டரில் மட்டுமே ஓடியது.

ஒரு நாள் சத்தம் நின்றுபோனது.

அந்த வாரக் கடைசியில் அற்புதக்கனி வகுப்புக்கு வந்து பையைத் தொப்பென்று மேசையில் போட்டார்.

"டீச்சர், என்னால முடியல. ஸ்பீக்கரை மாத்திட்டேன். சவுண்ட் டிரைவர் சாஃப்ட்வேரை எடுத்துட்டுத் திரும்பப் போட்டேன். நெட்ல இருந்து இன்னொன்னு இறக்கினேன். இப்ப சத்தமும் இல்ல, ஸ்கிரீனும் வீங்கிப் போச்சு, பிரிண்டரையும் காணோங்குது. செய்யச் செய்ய ஏன் மோசமாகுது?"

மெஹராஜ் செருப்பை மாட்டிக்கொண்டு அவரோடு கிளம்பினார்.

வீட்டில் ஜெபநேசன் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து தட்டிக்கொண்டிருந்தார். எழுத்துகள் கொய்யாக்காய் அளவுக்கு இருந்தன. திரையில் ஒரு சொல்கூட முழுதாக அடங்கவில்லை.

"பாருங்க டீச்சர். சத்தம் வராதுன்னு தெரியும். இவர்பாட்டுக்குத் தட்டிக்கிட்டே இருக்கார். கொஞ்சம் தள்ளுங்க, நான் ரீஸ்டார்ட் பண்ணணும்."

ஜெபநேசன் தள்ளவில்லை. இடது கையால் மேசையை அறைந்தார்.

"கோவத்தைப் பாரு! நானா ஒடைச்சேன்?"

அற்புதக்கனி மவுஸைப் பறித்து ரீஸ்டார்ட்டை அழுத்தினார். திரையில் ஒரு கேள்வி வந்தது. எழுதியதைச் சேமிக்கவா? அவர் 'வேண்டாம்' என்று அழுத்தப் போனார்.

மெஹராஜ் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார்.

"எதைச் சேமிக்கவான்னு கேக்குது, அக்கா?"

"அவர் தட்டினதை. ஒவ்வொரு தடவையும் இதே கேள்விதான். வேண்டாம்னு போட்டாத்தான் வழி விடுது."

"படிச்சீங்களா?"

"வேற என்ன இருக்கப்போகுது, என்னை வைஞ்சிருப்பார். இந்த எழுத்தை எப்படிப் படிக்கிறது? மூக்குல வந்து இடிக்குது."

மெஹராஜ் எழுத்தைச் சிறிதாக்கினார். மூவரும் படித்தார்கள்.

"நீ வீடு கூட்டும்போது ஸ்பீக்கர் ஒயர் கழண்டுச்சு. பச்சை ஓட்டையில இருந்ததை ரோஸ் ஓட்டையில சொருகிட்டே. பின்னால பாரு. எத்தனை தடவைதான் சொல்றது. பின்னால பாரு. ஏ அற்புதம், பின்னால பாரு."

அற்புதக்கனி மேசைக்குப் பின்னால் குனிந்தார். ரோஸ் ஓட்டையில் இருந்த ஒயரை உருவிப் பச்சையில் சொருகினார்.

மெஹராஜ் 'சேமி' என்பதை அழுத்தினார். பிறகு கம்ப்யூட்டரைச் சத்தம் நிற்பதற்கு முன்பிருந்த நிலைக்குத் திருப்பினார். புதிதாகப் போட்ட டிரைவர்கள் எல்லாம் போயின. அது மறுபடி ஓடத் தொடங்கியபோது திரையின் வீக்கம் வடிந்திருந்தது.

ஜெபநேசன் மெதுவாகத் தட்டினார். ஸ்பீக்கர் கரகரத்தது.

"டீச்சருக்கு இன்னும் காபி குடுக்கல" என்றது கம்ப்யூட்டர்.

அற்புதக்கனி அடுப்படிக்குப் போனார். காபியோடு வந்தவர் கணவரின் முகத்தைப் பார்க்கவில்லை.

"புது ஸ்பீக்கரையும் அதே ரோஸ் ஓட்டையிலதான் சொருகியிருக்கேன், டீச்சர். இத்தனை நாள் உங்ககிட்ட என்னத்தைப் படிச்சேனோ. சத்தம் நின்னா முதல்ல எதைப் பார்க்கணும், சொல்லுங்க."

மெஹராஜ் காபியை ஆற்றினார்.

"சத்தம்தான் அக்கா நின்னுச்சு. அண்ணன் பேசிக்கிட்டேதானே இருந்தார்."