பாறைமேல் நின்ற சக்கரம்

தேன்பாறை மடத்தில் பரஞ்சோதியை மறுபடியும் காணவில்லை.

காலைக் கஞ்சிக்கு அரிசி கழுவ வேண்டியவன் அவன். அண்டா காய்ந்து கிடந்தது. பாய் சுருட்டாமல் விரித்தபடியே இருந்தது.

"சந்தைச் சாராயக்கடைக்குத்தான் போயிருப்பான்" என்றார் நல்லசிவ அடிகள். "சீராளா, வண்டியை எடு."

சீராளன் மடத்துக்கு வருவதற்கு முன் எஸ்டேட்டுகளில் ஜீப் ஓட்டியவன். அடிகளைவிட வயதில் மூத்தவன். மனைவி இறந்தபின் மனம் எதிலும் ஒட்டாமல் மலையேறி வந்தான். அடிகளிடம் தீட்சை கேட்டு இங்கேயே தங்கிவிட்டான். வந்த நாளிலிருந்து ஒரு பூசை தவறியதில்லை, ஒரு வேலை பிசகியதில்லை. அவனை யாரும் எங்கும் தேடிப் போக வேண்டி வந்ததே இல்லை.

பரஞ்சோதி தையல்காரன். குடியில் கடை போயிற்று, வீடு போயிற்று. கடைசியில் அடிகளின் காலில் வந்து விழுந்தான். கொஞ்ச நாள் ஒழுங்காக இருப்பான். ஒரு காலையில் காணாமல் போவான். அடிகள் கையில் இருக்கும் வேலையைப் போட்டுவிட்டு அவனைத் தேடிக் கிளம்புவார்.

இது எத்தனையாவது தடவை என்று சீராளனுக்கு நினைவில்லை. ஒவ்வொரு தடவையும் வயிறு எரிந்தது மட்டும் நினைவிருந்தது.

மடத்து ஜீப் பழையது. எஸ்டேட் முதலாளி ஒருவர் ஓட்டித் தேய்த்துவிட்டு மடத்துக்குக் கொடுத்தது. முன் சக்கரங்களுக்கு விசை போகும் வழி எப்போதோ செத்துவிட்டது. பின் சக்கரங்கள்தான் வண்டியை இழுத்தன. மலைக்கு அரிசி ஏற்றவும், நோயாளிகளை இறக்கவும் அந்த ஒரு வண்டிதான்.

அன்று மழை பெய்து ஓய்ந்திருந்தது. ஓடை வளைவில் மேடேறும்போது ஜீப் சிக்கிக்கொண்டது. சீராளன் ஆக்சிலரேட்டரை ஓங்கி மிதித்தான். இஞ்சின் அலறியது. சேறு வாரி இறைத்தது. வண்டி அசையவில்லை. மறுபடியும் மிதித்தான்.

அடிகள் இறங்கிப் பின்பக்கம் போய்ப் பார்த்தார்.

"சீராளா, இங்கே வா."

சீராளன் இறங்கிப் போனான். இடது சக்கரம் சேற்றில் பாதி புதைந்திருந்தது. வலது சக்கரம் பாறைமேல் நின்றது. அதன்மேல் ஒரு துளி சேறுகூட இல்லை.

"அது அவ்வளவு சுத்துது. இது ஏன் சும்மா நிக்குது? கெட்டுப்போச்சா?"

"கெடலே சாமி. நல்லாத்தான் இருக்கு. நடுவுல அந்த உருண்டையா தெரியுதே, அது டிஃபரன்ஷியல். வளைவுல திரும்பும்போது வெளிப்பக்கச் சக்கரம் ஜாஸ்தி ஓடணும், உள்பக்கச் சக்கரம் கம்மியா ஓடணும். ஒண்ணை ஒண்ணு இழுக்காம அதுஅது பாட்டுக்கு ஓடத்தான் அதை வச்சிருக்கான். நல்ல ரோட்டுல அது இல்லேன்னா வண்டி திரும்பவே முடியாது."

"சேத்துலே?"

"சேத்துல அதுவே வினை. எது லேசா சுத்துதோ அதையே சுத்த விட்டுடும். பிடிப்போட நிக்கிற சக்கரத்துக்கு ஒண்ணும் போய்ச் சேராது."

சொல்லி முடித்ததும் சீராளனுக்கு, இவ்வளவு நாள் சொல்லத் தெரியாமல் கிடந்தது வாய்க்கு வந்துவிட்டது.

"நீங்களும் அப்படித்தான் சாமி."

அடிகள் திரும்பிப் பார்த்தார்.

"சொல்லு."

"அவன் ஓடுறான், நீங்க பின்னாடியே ஓடுறீங்க. அவன் விழுறான், தூக்குறீங்க. உங்க நேரம், உங்க கவலை எல்லாம் அவனுக்குத்தான் போகுது. நாங்க ஒழுங்கா நிக்கிறோம். நீ சாப்பிட்டியாடான்னு என்னை ஒரு நாள் கேட்டதுண்டா?"

குரல் உடைந்தது அவனுக்கே வெட்கமாக இருந்தது. இந்த வயதில் இதைக் கேட்டிருக்க வேண்டாம் என்று தோன்றியது.

அடிகள் சேற்றையும் பாறையையும் மாறி மாறிப் பார்த்தார்.

"கேட்டதில்லை" என்றார். "நீ சொன்னது நிஜம்."

அவர் கோபித்துக்கொள்வார் என்று சீராளன் எதிர்பார்த்தான். சமாதானம் சொல்வார் என்றும் எதிர்பார்த்தான். இதை எதிர்பார்க்கவில்லை.

"இதுக்கு வழி உண்டா?" என்று கேட்டார் அடிகள்.

"வண்டிக்கு உண்டு."

"வண்டிக்குத்தான் கேட்டேன்."

"லாக் இருக்கு. பழைய முதலாளி மாட்டினது. ரெண்டு சக்கரத்தையும் ஒண்ணாப் பூட்டிடும். அப்புறம் சேத்துல இருக்கிறது சுத்தணும்னா பாறைமேல இருக்கிறதும் சுத்தியாகணும்."

"முன்னாடியே ஏன் போடலே?"

சீராளன் தலையைக் குனிந்துகொண்டான். "கோவத்துல மிதிச்சுக்கிட்டிருந்தேன் சாமி."

இருவரும் ஏறி உட்கார்ந்தார்கள். சீராளன் சக்கரம் முழுதாக நிற்கும்வரை காத்திருந்தான். சீட்டுக்கு அடியில் இருந்த லீவரை இழுத்தான். துருப்பிடித்த லீவர் முனகிக்கொண்டு வந்தது. கிளட்சை மெல்ல விட்டான். பாறைமேல் நின்ற சக்கரம் கடித்துப் பிடித்தது. ஜீப் சேற்றிலிருந்து ஏறி வந்தது.

பரஞ்சோதி சந்தையில் வாழையிலைக் கொட்டகைக்குப் பின்னால் கிடந்தான். அடிகளைக் கண்டதும் முகத்தை மூடிக்கொண்டான்.

"என்னை விட்டுடுங்க சாமி. நான் தேற மாட்டேன்."

அடிகள் சீராளனைப் பார்த்தார். சீராளன் குனிந்து அவனைத் தோளில் சாய்த்துத் தூக்கி வந்தான். சட்டையெல்லாம் வாந்தி நாற்றம்.

மடத்துக்கு வந்ததும் அடிகள் சொன்னார்: "இன்னியிலேர்ந்து அவன் உன் அறையிலே. நீ எழும்போது அவன் எழணும். நீ வேலை செய்யும்போது அவனும் செய்யணும். அவன் சாப்பிடலைன்னா நீயும் சாப்பிடக்கூடாது."

"நான் என்ன தப்புப் பண்ணினேன் சாமி?"

"தப்பு ஒண்ணும் பண்ணலே. பிடிப்போட நிக்கிறே."

சீராளன் பரஞ்சோதியின் பாயைத் தன் அறைக்குத் தூக்கிப் போனான். எதிர்ப்பேச்செல்லாம் மனசுக்குள் ஓடியது.

ஆரம்ப நாட்கள் கொடுமையாக இருந்தன. பரஞ்சோதிக்குக் கை நடுங்கியது. சோற்றைக் கண்டால் குமட்டியது. அவன் சாப்பிடாததால் சீராளன் பட்டினி கிடந்தான். கோபம் வந்தால் "தின்னுடா, எனக்குப் பசிக்குது" என்று கத்தினான். அந்தக் கத்தலுக்காகப் பரஞ்சோதி இரண்டு வாய் தின்றான். சுனையிலிருந்து ஒரே மூங்கிலில் குடத்தைத் தொங்கவிட்டு இருவரும் முன்னும் பின்னுமாகச் சுமந்தார்கள். பரஞ்சோதி தடுமாறினால் தண்ணீர் சீராளன் கால்மேல் கொட்டியது.

ஒரு மத்தியானம் குடத்தை இறக்கி வைத்து நிழலில் உட்கார்ந்திருந்தபோது பரஞ்சோதி கேட்டான்:

"அண்ணே, அண்ணி எப்படி இருப்பாங்க?"

மடத்தில் யாரும் கேட்டதில்லை. சீராளனும் சொன்னதில்லை. எஸ்டேட் ஆட்கள் வரிசையாகக் குடியிருக்கும் லைன் வீட்டு வாசலில் அவள் சாமந்தி போட்டிருந்ததைச் சொன்னான். அவன் ஜீப் சத்தம் மேட்டில் கேட்டதும் அடுப்பில் வெந்நீர் வைப்பாளாம். நோயில் கிடந்த கடைசிக் காலத்தில் அந்தச் சத்தம்கூட அவள் காதில் விழவில்லையாம். சொல்லிக்கொண்டே வந்தவன் முகத்தைத் துண்டில் புதைத்துக்கொண்டு அழுதான். அவள் செத்த அன்றுகூட அவன் அப்படி அழவில்லை.

பரஞ்சோதி பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். பிறகு இருவரும் எழுந்து குடத்தைத் தூக்கினார்கள்.

மழைக்காலம் போயிற்று. பரஞ்சோதியின் கை நடுக்கம் நின்றது. யாரோ பழைய தையல் மெஷின் ஒன்றைக் கொடுத்தார்கள். மலைக்காரர்களின் கிழிந்த துணியெல்லாம் மடத்துக்கு வர ஆரம்பித்தது. மெஷினில் உட்கார்ந்தால் அவன் வாயில் பாட்டு வந்தது.

சீராளனுக்கோ நிம்மதி போயிற்று. இவ்வளவு பாடுபட்டு நிமிர்த்தியவன் மறுபடி விழுந்துவிடக்கூடாதே என்ற பயம். அவன் சுனைக்குப் போனால் பின்னாலேயே போனான். திரும்பி வந்தால் பக்கத்தில் நின்று மோந்து பார்த்தான். துணி கொடுக்க வந்தவர்களை விசாரித்தான். பூசையில் உட்கார்ந்தாலும் கண் மெஷின் பக்கமே போயிற்று. தூக்கம் இல்லை. கன்னம் ஒட்டிவிட்டது.

பரஞ்சோதியின் பாட்டும் மெல்ல நின்றது.

அந்தச் சமயத்தில் அடிவாரத்திலிருந்து ஒரு ஆள் சேதி கொண்டுவந்தான். பரஞ்சோதியின் மகளுக்குக் குழந்தை பிறந்திருக்கிறது. தொட்டில் போடுகிறார்கள். அப்பா வர வேண்டுமாம்.

அவளுடைய கல்யாணத்துக்கே அவனை அழைத்திருக்கவில்லை.

பரஞ்சோதி அடிகள் முன் போய் நின்றான்.

"போயிட்டு வா" என்றார் அடிகள்.

"நானும் கூடப் போறேன் சாமி" என்றான் சீராளன்.

பரஞ்சோதி திரும்பினான். கோபமில்லாமல்தான் கேட்டான்.

"அண்ணே, என் பொண்ணு முன்னாடி காவல்காரனோட போய் நிக்கச் சொல்றீங்களா?"

சீராளனுக்கு முகத்தில் அடித்தாற்போல் இருந்தது.

மறுநாள் பரஞ்சோதியைப் பஸ் ஏற்றிவிட மூவரும் ஜீப்பில் இறங்கினார்கள். பரஞ்சோதி பின்னால் உட்கார்ந்திருந்தான். மடியில் அவனே தைத்த குழந்தைச் சட்டை. ஓடை வளைவில் சேறு இன்னும் காயவில்லை. சீராளன் வண்டியை நிறுத்தி, லாக்கைப் போட்டு, ஒரே மூச்சில் கடந்தான். அடிவாரத்தில் தார் ரோடு வந்ததும் கை தன்போக்கில் லீவரைத் தள்ளி லாக்கை எடுத்தது.

"ஏன் எடுத்தே?" என்றார் அடிகள்.

"தார் ரோடு வந்துடுச்சு சாமி."

"சேத்துல காப்பாத்தினதுதானே? இருந்துட்டுப் போகட்டுமே."

"ஆகாது சாமி. இங்கே அது இருந்தா வண்டி திரும்பாது. நேரா போகத்தான் பார்க்கும். பிடிச்சுத் திருப்பினா டயரைத் தேய்ச்சுத் தின்னுடும். கடைசியில ஆக்சில் முறியும்."

"எந்தப் பக்கத்து ஆக்சில்?"

"பெரும்பாலும் பிடிப்பு எந்தப் பக்கம் இருக்கோ அந்தப்..."

சீராளன் முடிக்கவில்லை. ஸ்டியரிங்கில் இருந்த தன் கைகளைப் பார்த்தான். இளைத்துப்போயிருந்தன.

வண்டி பஸ் நிறுத்தத்துக்கு வந்து நின்றது.

பஸ் வந்தது. பரஞ்சோதி அடிகளைக் கும்பிட்டான். சீராளன் பக்கம் வந்து நின்றான். சீராளன் அவன் சட்டைக் காலரைச் சரிசெய்துவிட்டான்.

"குழந்தைக்கு என்ன பேர் வச்சாங்கன்னு கேட்டுட்டு வா."

"சரிங்கண்ணே."

படியேறி ஜன்னலோரம் உட்கார்ந்தான். பஸ் கிளம்பியது. சந்தையைத் தாண்டித்தான் அது போக வேண்டும். சீராளன் வளைவில் அது மறையும்வரை பார்த்துக்கொண்டு நின்றான்.

அடிகள் ஜீப்பில் ஏறி உட்கார்ந்துவிட்டார். சீராளன் வந்து சாவியைப் போட்டான். திருகவில்லை.

"சாமி, அவன் திரும்பி வரலைன்னா?"

"வண்டியிலே டீசல் இருக்கா?"

சீராளன் எட்டி முள்ளைப் பார்த்தான்.

"கம்மியாத்தான் இருக்கு சாமி."

"போட்டு வை" என்றார் அடிகள்.