சேற்றில் மிதித்த மீன்

"பூவராகன்தான் குளத்துல விஷம் வச்சான், தாயே. நீங்க ஒரு வார்த்தை சொன்னாப் போதும். சாயங்காலம் பஞ்சாயத்து அவனை ஊரைவிட்டுத் தள்ளி வச்சிடும்."

மாசிலாமணிக்கு அறுபத்திரண்டு வயது. பத்து வருஷமாகச் சீடர். குரு தையல்நாயகி அம்மாளோ அவரைவிட இருபது வயது இளையவள். மீன் வளர்க்கிற வீட்டில் பிறந்து மடத்துக்கு வந்தவள். பேச்சில் கஞ்சம்.

"வச்சதைப் பாத்தீங்களா?"

"பாக்கணுமா? பக்கத்துக் குளத்துக்காரன் அவன். மூணு வருஷமா என் கெண்டைக் குஞ்சு சாவுது. செவுள் பூரா வெள்ளைக் கொப்புளம். அவன் மீன் மட்டும் துள்ளுது. வேற யாரு?"

அம்மாள் எழுந்தாள். மடப்பள்ளியில் மாவு சலிக்கிற சல்லடையை எடுத்தாள். நடந்தாள்.

மாசிலாமணி பின்னாலேயே போனார். வழியெல்லாம் பூவராகனைத் திட்டிக்கொண்டே போனார்.

குளக்கரையில் அவள் கேட்டாள்.

"செத்ததை என்ன பண்ணுனீங்க?"

"கரைக்குக் கொண்டு வந்தா அவன் பாத்துச் சிரிப்பானே! தண்ணியில இறங்கி, காலால மிதிச்சு, சேத்துக்குள்ளயே அமுக்கிடுவேன்."

"மூணு வருஷமும்?"

"ஒரு மீனைக்கூட அவன் கண்ணுல காட்டலை."

பெருமையாகத்தான் சொன்னார்.

"ஒரு கை சேறு அள்ளுங்க."

தண்ணீரில் இறங்கி அள்ளினார். அவள் அதைச் சல்லடையில் வாங்கித் தண்ணீரில் அலசினாள். சேறு கரைந்து போயிற்று. மயிரிழை போலச் சிவப்புப் புழுக்கள் கொத்துக் கொத்தாக நெளிந்தன.

"இதுவா? எல்லாக் குளத்துலயும் கெடக்குமே!"

"செத்த மீன் சேத்துல அழுகும். கொப்புளம் உடையும். உள்ள இருக்கிற நோயோட விதையை இந்தப் புழு முழுங்கும். புழு வயித்துல அது வேற உருவம் எடுக்கும். வெளிய வந்து தண்ணியில மிதக்கும். குஞ்சு மேல ஒட்டி உள்ள போகும். மீன் இல்லாம புழுவுக்கு வராது. புழு இல்லாம மீனுக்கு வராது."

பத்து வருஷத்தில் அவள் இவ்வளவு பேசி அவர் கேட்டதில்லை.

"அப்ப புழுதான் பாவி," என்றார் சட்டென்று. "மருந்து போட்டுக் கொன்னுடறேன்."

அம்மாள் சல்லடையை அவர் பக்கம் நீட்டினாள்.

"இல்ல, மீனா? மொதல்ல யாரு கொண்டாந்தது, தாயே?"

"தெரியாது."

"பின்ன?"

"கொண்டாந்தது யாருன்னு தெரியாது. ஊட்டி வளத்தது யாருன்னு தெரியும்."

மாசிலாமணி சேற்றில் புதைந்திருந்த தன் காலைக் குனிந்து பார்த்தார்.

ஊருக்குள் தண்டோரா சத்தம் கேட்டது. ஆட்கள் கூட ஆரம்பித்துவிட்டார்கள்.

அவர் கரையேறினார். மடத்துப் பக்கமும் திரும்பவில்லை, பஞ்சாயத்துப் பக்கமும் திரும்பவில்லை. பூவராகன் வீட்டுக்குப் போகிற வரப்பில் கால் வைத்தார்.

"கையெல்லாம் சேறு," என்றாள் அம்மாள். "கழுவிட்டுப் போங்க."

"அவன் தண்ணி ஊத்தினா கழுவிக்கிறேன், தாயே."