காலடி கேட்டதும் வாயடைத்த சில்வண்டு

அந்தக் காலத்தில், முயலும் முள்ளம்பன்றியும் அண்ணன் தங்கை முறை வைத்துப் பேசிக்கொண்டிருந்தபோது, ஒரு மலைக்காட்டில் வருஷந்தோறும் நிழல் கூத்து நடக்கும். அங்கே மேற்கே பார்த்த குகை ஒன்று உண்டு. கோடையில் சாயங்கால வெயில் அதற்குள் நேராகப் பாய்ந்து பின்சுவரில் விழும். குரங்குகள் வாசலில் நின்று ஆடினால், சுவரில் யானையும் புலியும் ராஜாவும் நிழலாக எழுந்து நடப்பார்கள். அத்தனை பேருடைய வசனத்தையும் பவளவாயன் என்ற கிளி ஒருவனே பேசுவான். சத்தம் கொடுப்பது சில்லான் என்ற சில்வண்டு.

சில்லானுக்கு அந்த வேலையில் அப்படியொரு வெறி. உள்ளே பொந்தாகிப்போன ஒரு மரக்கட்டைக்குள் உட்கார்ந்து கத்துவான். கட்டை அதைப் பத்து மடங்காக்கிக் குகை முழுக்க அதிர வைக்கும். இடிக்கு ஒரு சத்தம், மழைக்கு ஒரு சத்தம். ராஜா சும்மா திரும்பிப் பார்த்தால்கூட அதற்கும் ஒரு சத்தம்.

சிட்டாயி என்ற முயல் ஒரு வருஷம்கூடக் கூத்தை விட்டதில்லை. ஆனால் ஒரு வருஷம்கூட முழுக் கதையைக் கேட்டதுமில்லை.

“என்ன சொன்னான் அண்ணே?” என்று பக்கத்தில் இருக்கும் முள்ளையனைக் கேட்பாள்.

“‘போ’ன்னானா, ‘வா’ன்னானா, தெரியலையே தாயி!” என்பான் அந்த முள்ளம்பன்றி. இவர்கள் பேசி முடிப்பதற்குள் அடுத்த வசனமும் போய்விடும். திரும்பிப் போகும்போது, ராஜா எதற்காக அழுதார் என்று ஆளுக்கொரு காரணம் சொல்லிக்கொண்டு போவார்கள்.

ஒரு வருஷம் மழை பொய்த்தது. ஆறு மணலாகிவிட்டது. சிட்டாயியின் மூன்று குட்டிகளும் நாக்கு வறண்டு, கண்ணைத் திறக்கவும் தெம்பில்லாமல் புதரடியில் கிடந்தன. அவற்றைப் பார்த்துக்கொண்டு நின்றவளுக்குத் திடீரென்று ஞாபகம் வந்தது. கூத்தில் ஒரு கட்டம் உண்டு. தாய் யானை மண்டியிட்டு, வற்றாத ஊற்று இருக்கும் இடத்தைத் தன் கன்றுக்குச் சொல்லும்! அந்த ஊற்று இந்த மலையில்தான் இருக்கிறது என்று எல்லாருக்கும் தெரியும். எங்கே என்றுதான் யாருடைய காதிலும் விழவில்லை.

ஒரே ஓட்டமாகக் கிளியிடம் ஓடினாள். “பவளவாயா, அந்த ஊத்து எங்கேன்னு சொல்லுப்பா!”

கிளி விழித்தான். “எனக்கு முதல்லேருந்து சொன்னாத்தான் வரும் அக்கா. நடுவுல கேட்டா ஒண்ணும் ஞாபகம் வராது. சில்லான் சுதி போடாட்டி முதல் வரியே வராது. பாதியில யாராவது நிறுத்தினா, மறுபடியும் முதல்லேருந்துதான்.”

அடுத்து சில்லானைப் போய்ப் பார்த்தாள். “யானை பேசுறப்ப மட்டுமாவது அடக்கி வாசி, தம்பி. புள்ளைங்க உசிரு அதுலதான் இருக்கு.”

“உசிருன்னு சொன்னப்புறம் கத்துவேனா அக்கா? மூச்சுகூட விட மாட்டேன்” என்றான் சில்லான். மனசாரத்தான் சொன்னான்.

அன்று சாயங்காலமே கூத்து வைத்தார்கள். குகையில் எள் விழ இடமில்லை. மான், பன்றி, கீரி, மயில் எல்லாம் வறண்ட தொண்டையோடு வந்து உட்கார்ந்தன. சில்லான் மெல்லச் சுதி போட்டான். கிளி ஆரம்பித்தான். ஆகா, வசனம் ஒவ்வொன்றும் தெளிவாகக் கேட்டது! “நல்லா கேக்குது தாயி, நல்லா கேக்குது!” என்று முள்ளையன் துள்ளினான்.

கதையில் புயல் வந்தது. சில்லான் காற்றை ஊதினான். குரங்குக் குட்டிகள் கைதட்டின. இன்னும் கொஞ்சம் ஊதினான். இன்னும் பலமாகக் கைதட்டின. அவ்வளவுதான், சொன்ன வாக்கு பறந்துபோனது. இடியும் மின்னலும் வெள்ளமும் ஒன்றாகச் சேர்ந்து குகை கிடுகிடுத்தது. மேலே இருந்து தூசி கொட்டியது.

சுவரில் தாய் யானையின் நிழல் மண்டியிட்டது. கிளியின் அலகு திறக்கப்போகிறது. வெயிலோ சுவரின் அடிப்பக்கத்திலிருந்து மேலே ஏறத் தொடங்கிவிட்டது. கூத்தை நிறுத்தினால் மறுபடி ஆரம்பிக்க வெளிச்சம் இருக்காது. நிறுத்தாவிட்டால் ஊற்று இல்லை.

சிட்டாயி யோசிக்கவில்லை. பன்றியின் முதுகில் ஒரு கால், மானின் கொம்பில் ஒரு கால். ஒரே தாவில் அந்த மரக்கட்டையின் மேல் போய் விழுந்து, பின்னங்காலைத் தூக்கி ஓங்கி ஒரு மிதி மிதித்தாள்.

தொம்!

கட்டைக்குள் இருந்த சில்லானுக்கு உடம்பெல்லாம் உதறிப்போனது. சத்தம் சட்டென்று நின்றது. குகையில் அப்படி ஒரு அமைதி அதுவரை இருந்ததே இல்லை. கிளி எதையும் கவனிக்கவில்லை. கதைக்குள்ளேயே இருந்தான். தாய் யானையின் குரலில், நிதானமாகச் சொன்னான்:

“கேள் மகனே. இரட்டைப் பாறைக்குக் கீழே, பட்டுப்போன அத்திமரத்தின் வேரடியில் தோண்டு. நான் இல்லாத நாளிலும் அது உனக்குப் பாலூட்டும்.”

காடே எழுந்து இரட்டைப் பாறைக்கு ஓடியது! முள்ளையன் முன்னங்கால்களால் தோண்டினான், பன்றி மூக்கால் கிளறியது. முழங்கால் ஆழத்தில் மண் ஈரமானது. இன்னும் ஒரு சாண் தோண்டியதும் குபுக்கென்று தண்ணீர் பொங்கியது. சிட்டாயி வாய் நிறைய மொண்டுகொண்டு புதருக்குப் பறந்தாள். மூன்று குட்டிகளும் ஒன்றன்பின் ஒன்றாகக் கண் திறந்தன.

சில்லான் மட்டும் கட்டையை விட்டு வெளியே வரவில்லை. இத்தனை வருஷம் சத்தம் கொடுத்தவன் அன்றைக்குத்தான் அந்த வசனத்தை முதல்முறையாகக் கேட்டிருந்தான். “இப்படி ஒரு பேச்சையா மூடி வச்சிருந்தேன்?” என்று அழுதான்.

அன்று முதல்தான், எவ்வளவு உரக்கக் கத்திக்கொண்டிருந்தாலும், நம் காலடி ஓசை கேட்டதுமே சில்வண்டு சட்டென்று நிறுத்திவிடுகிறது. வருகிறவர் என்னவோ சொல்லப்போகிறார் என்று இருட்டில் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருக்கிறது.